பொட்டு வைக்காத வண்டி

செங்கோடன் இருபத்திரண்டு வருடம் பார்த்த வேலை, கரண்ட் எப்போது போகும் என்று காத்திருப்பது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் இதற்கெல்லாம் சம்பளமா என்று கேட்பார்கள். சம்பளம்தான். ராசிபுரத்துக்கு மேற்கே தங்கசாமி என்பவருக்குச் சொந்தமான ஹேச்சரியில், அதாவது கறிக்கோழிக் குஞ்சு பொரிக்கும் இடத்தில், அவர் ஜெனரேட்டர் ஆபரேட்டராக இருந்தார். கரண்ட் இருக்கும்வரை அவருக்கு வேலை கிடையாது. கரண்ட் போய்விட்டால் அவரைத் தவிர வேறு யாருக்கும் வேலை கிடையாது.

முட்டை பதினெட்டு நாள் ஒரு மெஷினில் இருக்கும். கடைசி மூன்று நாள் அதை ஹேச்சர் என்ற இன்னொரு மெஷினுக்கு மாற்றுவார்கள். அந்த மூன்று நாளில் ஓட்டுக்குள் இருப்பது முட்டை இல்லை, குஞ்சு. அது மூச்சு விடும், தானே சூடு கக்கும். மெஷினில் ஃபேன் ஓடுகிறவரை அந்தச் சூடு வெளியே போகும். ஃபேன் நின்றால் அரை மணி நேரத்தில் குஞ்சுகள் தங்கள் சூட்டிலேயே வெந்துபோகும். முட்டை என்றால் கதகதப்பு வேண்டும், கரண்ட் போனால் குளிர்ந்துவிடும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைப்பார்கள். படித்தவர்கள் இன்னும் உறுதியாக நினைப்பார்கள்.

தமிழ்நாடே மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்த சில வருடங்கள் உண்டு. பகலில் எட்டு மணி நேரம், ராத்திரியில் நாலு மணி நேரம் என்று கரண்ட் இல்லாமல் ஜனங்கள் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்த காலம். அந்தக் காலத்தைத் திட்டாத ஒரே ஆள் செங்கோடன்தான். அவருக்கு அது ராஜ வாழ்க்கை. மச்சான் கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டும் நேரத்தில் ஹேச்சரிக் கார் மண்டப வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். முகூர்த்த நேரமும் மின்வெட்டு நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது என்று அவர் மனைவி சின்னாயி இன்றுவரை பிறந்த வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தங்கசாமி அப்போதெல்லாம் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பக்கத்தில் கைக்குழந்தையும் சாமிதான், கிழவரும் சாமிதான் என்றாலும், முதலாளி வாயால் வரும்போது அந்தச் சொல்லுக்கு எடை கொஞ்சம் கூடுதல்.

பிறகு கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்தது. ஊரே சந்தோஷப்பட்டது. செங்கோடனின் மரியாதை மட்டும் படிப்படியாக இறங்கியது. சாமி என்பது செங்கோடா என்று ஆகி, செங்கோடா என்பது ஏப்பா என்று ஆனது. சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான் என்று செடிக்குத் தண்ணீர் விடச் சொன்னார்கள். அப்புறம் டீ வாங்கி வரச் சொன்னார்கள். முதலாளி அம்மா வசந்தாமணியின் துளசி மாடத்துக்குப் பெயின்ட் அடித்ததும் ஜெனரேட்டர் ஆபரேட்டர்தான். டீசல் விலை மிச்சமாகிறது என்று தங்கசாமி மகிழ்ந்த ஒவ்வொரு மாதமும் செங்கோடன் தனக்கு ஒரு மாதம் வயது கூடியதாக உணர்ந்தார்.

தங்கசாமியின் மகன் ஜெகதீஸ்வரன் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து, முதல் காரியமாக ஒரு ஆட்டோமேட்டிக் பேனல் வாங்கினான். கரண்ட் போனால் அது தானே கண்டுபிடிக்கும், தானே ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யும், போனுக்குத் தகவலும் அனுப்பும். போனில் ஒரு பச்சைப் புள்ளி. பச்சையாக இருந்தால் எல்லாம் நலம். பூசணிக்காய் உடைத்து, மெயினை அணைத்துக் காட்டினார்கள். சரியாக எட்டு வினாடியில் ஜெனரேட்டர் உறுமியது. எல்லோரும் கை தட்டினார்கள். செங்கோடனும் தட்டினார். எதற்குத் தட்டுகிறோம் என்பது பாதி தட்டும்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ஜெகதீஸ்வரன் மரியாதை தெரிந்த பையன். கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னான். தீபாவளிவரை இருக்கலாம், போனஸ் வாங்கிக்கொண்டு வீட்டில் ரெஸ்ட் எடுக்கலாம் என்றான். ஐம்பத்து நான்கு வயதில் ரெஸ்ட் எடுத்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்று செங்கோடன் கேட்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தவனிடம் அப்படிக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது.

அந்த வருடம் தங்கசாமி புதிதாக ஆபீஸ் கட்டியிருந்தார், ஹேச்சரியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில். இரும்புக் கம்பிக் கதவு போட்ட பூஜை அறை அதிலேயே பெரிய அறை. தொழில் சாமான்கள் எல்லாம் ஒரே விளக்கின் கீழ் இருந்தால்தான் விருத்தி என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். கம்ப்யூட்டர் திருநீறு பூசிக்கொண்டு வந்தது. எடை மெஷின் வந்தது. குஞ்சுக்கு ஊசி போடும் மெஷின் குங்குமத்தோடு வந்தது. கடப்பாறை, சுத்தியல், ஸ்பேனர் பெட்டி, குஞ்சு ஏற்றும் வேன்களின் சாவிக்கொத்து, எல்லாம் வந்து வரிசையில் நின்றன. ஜெனரேட்டர் மட்டும் வரவில்லை. அதன் எடை இரண்டு டன்.

தங்கசாமி ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும்வரை யோசித்தார். ஜெனரேட்டருக்கு உயிர் எது, பேட்டரிதானே, அதைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தால் ஜெனரேட்டரே வந்த மாதிரிதான் என்று தீர்ப்புச் சொன்னார். பூஜைக்கு மறுநாள் காலை மறுபூஜை போட்டதும் மாட்டிக்கொள்ளலாம். அதுவரை பூஜையில் வைத்த எந்தச் சாமானையும் தொடக்கூடாது என்பது ஊர் அறிந்த வழக்கம். அன்று ஒருநாள் ஆயுதங்களுக்கு லீவு.

செங்கோடன் ஜெகதீஸ்வரனிடம் போனார்.

"தம்பி, பேட்டரி இல்லீன்னா அந்தப் பேனலுக்கும் உசுரு இல்லீங்க. ரெண்டும் ஒரே பேட்டரிதானுங்க."

ஜெகதீஸ்வரன் போனை எடுத்துக் காட்டினான். நாலு மாதத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் கரண்ட் போனதில்லை. தவிரவும் நாளைக்கு ஊரில் எல்லா மில்லும் லீவு, லோடே இருக்காது, கரண்ட் எங்கே போகப்போகிறது என்றான். அவன் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை.

பழைய செங்கோடனாக இருந்தால் பத்துத் தடவை சொல்லியிருப்பார். பேட்டரிமேல் ஏறி உட்கார்ந்திருப்பார். இந்தச் செங்கோடன் ஒரு தடவை சொன்னதோடு வாயை மூடிக்கொண்டார். போகட்டும், அப்போதுதான் தெரியும் என்று உள்ளே ஒரு எண்ணம் எழுந்தது. நல்ல எண்ணம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் அதைக் கொஞ்ச நேரம் வைத்து ருசித்தார். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் வைத்து அனுப்பினார். ஸ்பேனரும் பின்னாலேயே பூஜைக்குப் போனது.

மறுநாள் மத்தியானம் பூஜை முடிந்தது. பொரி, கடலை, சுண்டல் கொடுத்தார்கள். வசந்தாமணி பூஜை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு மில்லில் சாயங்காலம் பூஜை என்று குடும்பமே பெருந்துறைக்குப் போய்விட்டது. ஹேச்சரியில் பண்டிகை நாள் டியூட்டி இரண்டே பேருக்கு. ஒருவர் செங்கோடன். இன்னொருவர் டிரே கழுவும் பொன்னாத்தாள். உள்ளே ஹேச்சர்களில் நாற்பதாயிரம் முட்டை. பாதிக்குமேல் ஓட்டில் மூக்கால் குத்தி ஓட்டை போட்டிருந்தன. மறுநாள் விஜயதசமி, அவை வெளியே வரவேண்டிய நாள்.

ஐந்து மணிக்குக் காற்று எழுந்தது. பின்னாலேயே மழை. ஐந்து பத்துக்கு எங்கோ ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்திருக்க வேண்டும், விளக்குகள் அணைந்தன. செங்கோடன் பழக்கதோஷத்தில் விரல் விட்டு எட்டு எண்ணினார். எட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் போனதைச் சொல்ல வேண்டிய பேனல், பேட்டரி இல்லாமல் நேற்றே செத்துப்போயிருந்தது.

ஃபேன் சத்தம் நின்றதும் இன்னொரு சத்தம் கேட்டது. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தும் சத்தம். எப்போதும் இருக்கும் சத்தம்தான், ஃபேன் ஓடும்போது காதில் விழாது. இப்போது அறை முழுக்க அதுதான் இருந்தது. நேற்று ருசித்த எண்ணம் ஞாபகம் வந்து செங்கோடனுக்கு வெட்கமாக இருந்தது.

ஹேச்சர் கதவுகளை எல்லாம் விரியத் திறக்கச் சொன்னார். பொன்னாத்தாள் தயங்கினாள். கதவில் ஜெகதீஸ்வரன் ஒட்டிய அறிவிப்பு இருந்தது, எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது என்று. செங்கோடன் அதைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டிராலிகளை வெளியே இழுத்து, இரண்டு பேரும் அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். விசிறிக்கொண்டே ஜெகதீஸ்வரனுக்குப் போன் போட்டார்.

"கரண்ட் போயிருச்சுங்க தம்பி. பேட்டரி வேணுமுங்க."

ஜெகதீஸ்வரன் ஒரு நிமிடம் இருங்கள் என்று போனைப் பார்த்துவிட்டு வந்தான்.

"இல்லீங்கண்ணா, கரண்ட் இருக்குது. இங்க பச்சையாத்தான் காட்டுது."

பேனல் கடைசியாகச் சொன்ன சேதியைப் போன் பத்திரமாக வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. செங்கோடன் இருட்டில் நின்றுகொண்டு, கரண்ட் இல்லை என்பதைப் பெருந்துறையில் இருப்பவனுக்கு நிரூபிக்க முயன்றார். கடைசியில் அவன் நம்பினான். நம்பியதும் கதவை மட்டும் திறக்காதீர்கள், சூடு போய்விடும் என்று உத்தரவு போட்டான். செங்கோடன் சரிங்க என்று சொல்லிவிட்டு விசிறினார்.

மின்வாரியத்து ஆட்களிடம் கேட்டதில் மரத்தை அறுத்து எடுத்துக் கம்பி இழுக்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்று உள்ளதைச் சொன்னார்கள். கதவைத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரம் தாங்கும். நடு டிரேக்களில் இருப்பவை அதுகூடத் தாங்காது. பொன்னாத்தாளை விசிறச் சொல்லிவிட்டுச் செங்கோடன் தன் மொபெட்டை எடுத்தார். காலையில் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்திய மொபெட். அன்று வீட்டுக்கு நடந்தே போவதாக இருந்தார். எலுமிச்சை நசுங்கும் சத்தம் கேட்டது. அன்றைய முதல் குற்றம் அது.

ஆபீஸ் வராந்தாவில் மழைத் தண்ணீர் சொட்ட நின்று கம்பிக் கதவு வழியே பார்த்தார். நெய் விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. நடுவில் பேட்டரி, சாமந்தி மாலையோடு. கை நீட்டினால் எட்டாத தூரம், ஒரு முழம் அதிகம். பூட்டை உடைக்கலாம் என்றால் கடப்பாறையும் சுத்தியலும் உள்ளேதான் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கல்லால் உடைக்கலாம். கல்லைக் கையில் எடுக்கவும் செய்தார். சாமி அறைப் பூட்டின்மேல் அதைப் போட அவருக்குக் கை வரவில்லை. அவரும் பயந்த மனிதர்தான்.

தங்கசாமிக்குப் போன் போட்டார். பூட்டை உடைக்க உத்தரவு கேட்டார். அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே தங்கசாமி பதறினார். மறுபூஜை போடாமல் எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது, இருக்கிற விருத்தியும் போய்விடும் என்றார். அப்புறம் குரலைத் தழைத்து ஒன்று சொன்னார்.

"எப்படியாச்சும் நீயே பாத்துக்க சாமி."

எட்டு வருடம் கழித்து அந்தச் சொல் திரும்பி வந்திருந்தது. அதைக் கேட்டு மகிழ அன்று செங்கோடனுக்கு நேரம் இல்லை.

அடுத்த கட்டடம் போர்வெல் ரிக் ஷெட். முதலாளி ஜெயபிரகாஷ் வாசலிலேயே நின்றார். ரிக் லாரிக்கு இரண்டு பக்கமும் முழு வாழை மரம் கட்டி, ஆளுயர மாலை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். செங்கோடன் விஷயத்தைச் சொல்லி ஒரு பேட்டரி, ஒரு மணி நேரத்துக்கு என்று கேட்டார். ஜெயபிரகாஷ் மனம் கல் இல்லை. கண் கலங்கத்தான் பதில் சொன்னார்.

"அண்ணா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க. பேட்டரி என்னுங்க, ரிக்கையே ஓட்டிட்டுப் போங்க. இன்னைக்கு மட்டும் கேக்காதீங்க."

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு பொரிப் பொட்டலத்தைக் கொடுத்தார். செங்கோடன் அதை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். கண்ணுக்கெட்டியவரை டிராக்டர், லாரி, டெம்போ, ஆட்டோ என்று இல்லாத வண்டி இல்லை. எல்லாம் பொட்டும் பூவுமாக நின்றன. எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு ஸ்பேனர்கூடக் கிடைக்காது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இத்தனை இரும்பு இருந்தும் ஒரு போல்ட்டைக் கழற்ற வழியில்லாத நாள் வருடத்தில் ஒன்றே ஒன்று. கரண்ட் அதைப் பார்த்துப் போயிருந்தது.

அப்போது எதிரே ஒரு வண்டி வந்தது. வெள்ளை வேன். முன் கண்ணாடியில் பொட்டு இல்லை. மாலை இல்லை. கண்ணாடிக்கு மேலே சொர்க்க ரதம் என்று எழுதியிருந்தது. ஊர்ச் சங்கத்துப் பிண வண்டி. பண்டிகை என்று பார்க்காமல் அன்றும் ஒருவர் புறப்பட்டுவிட்டதால், சுடுகாட்டில் இறக்கிவிட்டு டிரைவர் கதிர் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தான்.

செங்கோடன் நடு ரோட்டில் நின்று கை காட்டினார். அந்த வண்டியைக் கை காட்டி நிறுத்துகிறவர்கள் குறைவு. கதிர் தலையை வெளியே நீட்டி, யார் தவறியது என்று கேட்டான். இன்னும் யாரும் இல்லை, ஆனால் நாற்பதாயிரம் உயிர் காத்திருக்கிறது என்றார் செங்கோடன். பிறகு, எதற்கும் கேட்டுவிடுவோம் என்று கேட்டார்.

"இந்த வண்டிக்குப் பூசை போடலியா கதிரு?"

"இது நல்லா ஓடணும்னு எவனுங்ணா வேண்டிக்குவான்?"

செங்கோடன் மொபெட்டை அங்கேயே போட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

வசந்தாமணிக்கு அந்த வண்டி ஹேச்சரி கேட்டுக்கு எதிரில் நின்றாலே ஆகாது. கேட்டுக்கு முன்னால் அது ஹாரன் அடிக்கக் கூடாது என்று சங்கத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னவர். அந்த வண்டி அன்று கேட்டுக்குள் நுழைந்து, மாவிலைத் தோரணத்தைத் தலையில் இடித்துக்கொண்டு ஜெனரேட்டர் அறை வாசலில் போய் நின்றது. பிண வண்டியின் டூல்ஸ் பெட்டியையும் யாரும் பூஜைக்கு அழைக்காததால் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் அதில் இருந்தது. கதிர் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தான். செங்கோடன் தூக்கிக்கொண்டு போய் மாட்டினார். பொன்னாத்தாள் விசிறுவதை நிறுத்தாமல் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி விசிறினாள். மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

இரண்டாவது வயரை முடுக்கி முடித்து, கையால் ஸ்டார்ட் செய்யச் செங்கோடன் குனிந்தார். அதற்குள் பேனலில் ஒரு விளக்கு எரிந்தது. முந்தின நாளிலிருந்து கட்டையாகக் கிடந்த பேனல் கண் விழித்துப் பார்த்து, அடடா கரண்ட் இல்லையே என்று அப்போதுதான் கண்டுபிடித்தது. ஒரு டிக். இன்னொரு டிக். சரியாக எட்டு வினாடியில் ஜெனரேட்டரைத் தானே ஸ்டார்ட் செய்தது. செய்ததோடு நிற்காமல், மின் தடை, எட்டு வினாடியில் சரிசெய்யப்பட்டது என்று போனுக்குச் சேதியும் அனுப்பியது.

ஃபேன்கள் சுற்றின. அந்தச் சத்தத்தில் குஞ்சுகளின் சத்தம் மூழ்கிப்போனது. செங்கோடன் டீசல் கறை படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்தார். கதிர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெயபிரகாஷ் கொடுத்த பொரியைப் பிரித்தான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

கரண்ட் வர ஏழரை ஆகிவிட்டது. அதுவரை பேட்டரியை எடுக்க முடியாது என்பதால் வண்டியும் நகர முடியவில்லை. ஹேச்சரிக்குள் சொர்க்க ரதம் நிற்பதை ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆறே முக்காலுக்கு ஜெகதீஸ்வரன் காரை விரட்டிக்கொண்டு வந்தான். திறந்த கதவுகளைப் பார்த்தான், கிழிந்த அட்டைகளைப் பார்த்தான், பேட்டரி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்தது. செங்கோடன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னான். அந்தப் பிடியில் பொய் இல்லை என்றுதான் செங்கோடன் நினைத்தார். அந்த நேரத்துக்கு இருந்திருக்கவும் இருக்காது.

விஜயதசமி காலையில் முப்பத்து நாலாயிரம் குஞ்சு வெளியே வந்து மஞ்சள் மஞ்சளாகக் கத்தின. மிச்சம் வரவில்லை. நடு டிரேக்களில் இருந்தவை. மூக்கை ஓட்டைக்கு வெளியே நீட்டியபடி நின்றுபோயிருந்தன. செங்கோடனும் பொன்னாத்தாளும் அவற்றை வாளியில் எடுத்துப் போட்டார்கள். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே என்று ஒவ்வொரு வாளிக்கும் அவருக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சின்னாயியைத் தவிர.

மறுபூஜை முடித்துவிட்டுத் தங்கசாமி வந்தார். விஷயத்தை ஆராய்ந்து இரண்டு முடிவுக்கு வந்தார். முப்பத்து நாலாயிரம் பிழைத்தது பேனலால். போனில்தான் தெளிவாக இருக்கிறதே, எட்டு வினாடி. சாயங்காலம் ஐந்து பத்திலிருந்து ஐந்து ஐம்பத்தெட்டுவரை என்ன நடந்தது என்று போனில் எதுவும் இல்லை, எனவே எதுவும் நடக்கவில்லை. மீதி ஆறாயிரம் செத்தது பிண வண்டியால். பூஜை நாளும் அதுவுமாக அதை உள்ளே விட்டால் வேறு என்ன நடக்கும். பேனலுக்கு ரோஜா மாலை வந்தது. ஜெனரேட்டர் அறையை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும் என்று வசந்தாமணி சொல்ல, கழுவும் வேலை வண்டியை அழைத்து வந்தவருக்கே போனது.

செங்கோடன் வாளியோடு நின்று ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். ஒரு வார்த்தை. நேற்று பேனல் ஓடவில்லை அப்பா என்று ஒரு வார்த்தை. அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஜெகதீஸ்வரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேனல் வாங்கலாம் என்று அப்பாவிடம் ஆறு மாதம் மன்றாடியவன் அவன். செங்கோடன் குனிந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தீபாவளிவரை இருக்க வேண்டாம், இன்றோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று மத்தியானம் சொன்னார்கள். இந்த முறை நாற்காலி போடவில்லை.

பதினைந்து நாள் வீட்டில் இருந்தார். பதினாறாம் நாள் கதிர் வந்து கூப்பிட்டான். சங்கத்தில் இரண்டு ஐஸ் பெட்டி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை இறந்தவரை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. சாவு வீட்டில் கரண்ட் போனால் பெரிய சங்கடம் ஆகிவிடுகிறது, சின்ன ஜெனரேட்டர் ஒன்று வாங்கியிருக்கிறோம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான். சின்னாயி முதலில் முகம் சுளித்தாள். பிறகு மச்சான் கல்யாணத்துக்கே இருக்காத மனிதர் இனி ஊரில் ஒரு சாவு விடாமல் இருப்பார் என்று சொல்லிச் சிரித்தாள்.

வேலை அதேதான். கரண்ட் போவதற்காகக் காத்திருப்பது. பந்தல் ஓரம் உட்கார்ந்திருப்பார். விளக்கு அணைந்ததும் ஒப்பாரி வைக்கும் பெண்கள்கூட நிறுத்திவிட்டு அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எட்டு வினாடி எல்லாம் அவருக்குத் தேவைப்படாது, ஐந்தே போதும். முன்பு போல் மனம் அடித்துக்கொள்வதில்லை. பெட்டிக்குள் இருப்பவருக்கு அவசரம் இல்லை.

ஒரு வருடம் போனது. அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் சங்கத்து ஷெட் முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. ஜெகதீஸ்வரன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினான். முதலில் சௌக்கியம் விசாரித்தான், பிறகு மழை வருமா என்று விசாரித்தான். செங்கோடன் ஐஸ் பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். கடைசியில் வந்த காரியத்துக்கு வந்தான். பேனல் நன்றாக வேலை செய்கிறதாம். போன வருடம் பூஜையில் வைத்த பிறகுதான் அந்தப் பேட்டரி அசையாமல் ஓடுகிறது, அதனால் இந்த வருடமும் வைத்தே தீர வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறாராம். ஹேச்சரில் முட்டை இருக்கிறதாம்.

"ஸ்பேர் பேட்டரி ஒண்ணு வாங்கிப் போட்டேனுங்ணா. புதுசு வந்திருக்குதேன்னு அப்பா அதையும் பூசைக்கு எடுத்து வச்சுட்டாரு."

செங்கோடன் துடைப்பதை நிறுத்தினார்.

நாளைக்கு ஒருநாள் வண்டியை ஹேச்சரிப் பக்கம் நிறுத்த முடியுமா என்று கேட்டான் ஜெகதீஸ்வரன். கேட்டுக்கு எதிரில் வேண்டாம். பின்பக்கம், வேலி ஓரம், சோளக்காட்டு மறைவில். அம்மா கண்ணில் படாத மாதிரி. சும்மா நிற்கட்டும், ஒரு தைரியத்துக்கு.

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. போன வருடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை இப்போது கேட்கலாம் என்று நினைத்தார். அதை இவன் இங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது, சொல்ல வேண்டிய இடம் வேறு. முப்பத்து நாலாயிரமும் ஆறாயிரமும் ஞாபகம் வந்தன. முட்டைக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது.

"நிறுத்தறனுங்க தம்பி. நீங்க ஒண்ணு பண்ணோணும்."

உள்ளே போய்க் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எடுத்து வந்தார். ஜெகதீஸ்வரன் கிண்ணத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்.

"இந்த வண்டிக்குங்களா?"

"இதுக்குத்தானுங்க. நல்லா ஓடணும்னு வேண்டிக்காதீங்க. பேட்டரி நல்லா இருக்கோணும்னு வேண்டிக்கிட்டு வைங்க."

ஜெகதீஸ்வரன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சந்தனத்தைத் தொட்டு, பம்பருக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் ஒரு மிளகு அளவுக்கு வைத்தான்.

"அங்க வேண்டாமுங்க. மேல வைங்க, கண்ணாடில. நாலு பேருக்குத் தெரியற மாதிரி" என்றார் செங்கோடன்.

ஜெகதீஸ்வரன் குனிந்தபடியே ரோட்டை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு கீழே வைத்ததை விரலால் துடைத்துவிட்டு எழுந்து, முன் கண்ணாடியின் நடுவில், சொர்க்க ரதம் என்ற எழுத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைத்தான்.